ஒயில் கூடினால் சந்தோசப்படாதை

மொன்றியலில் வீட்டின் அளவை அறைக் கணக்கில், கூடவே ஓர் அரையையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். மூன்றரை, நாலரை, ஐந்தரை. அந்த அரை என்பது குளியலறை. 1993ஆம் ஆண்டு நாங்கள் நாலு பேர் ஒரு மூன்றரையில் இருந்தோம். பிளாமொண்டன் மெற்றோவிலிருந்து ஐந்து நிமிட நடை. ஜன்னலால் எட்டிப் பார்த்தால் விக்ரோறியா அவெனியூ தெரியும். இரண்டு பேருக்குப் பகல் வேலை, இரண்டு பேருக்கு இரவு வேலை. அதனால் இரண்டு மெத்தைகளே போதுமாக இருந்தன. காரும் அப்படித்தான், நாலு பேருக்கு ஒன்று. ஆளுக்கு இருநூறு டொலர் போட்டு எண்ணூறு டொலருக்கு வாங்கினோம். அப்போதே அதற்குப் பத்து வயது.

அந்தக் காரும் அதற்குப் பின் வந்த காரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததை எழுதவேண்டும் என்று பல வருடங்களாக எங்களுக்குள் பேச்சு. இலக்கியச் சஞ்சிகையில் கார் பற்றி எழுதுவதா என்று ஒருவன் கேட்டான். இந்த நாட்டில் நாங்கள் கோவிலுக்குள் இருந்த நேரத்தைவிடக் காருக்குள் இருந்த நேரம்தான் கூட, எழுதலாம் என்றான் இன்னொருவன். ஆகவே எழுதுகிறோம்.

1994 தை மாதம். வெளியே மைனஸ் இருபத்தைந்து. எங்களில் ஒருவன் ஒயில் விடுவதற்காக எஞ்சினின் ஒயில் மூடியைத் திருகித் திறந்தான். மூடியின் உட்புறம் முழுக்க வெள்ளை. வெள்ளை என்றும் சொல்ல முடியாது. பால் கூடிய கோப்பியைத் தயிரில் அடித்தது போல ஒரு களி. நாலு பேரும் ஜக்கெற்றை மாட்டிக்கொண்டு கீழே ஓடிப்போய்ப் பார்த்தோம். பக்ரறியில் எங்களோடு வேலை செய்த ஒரு கியூபெக்காரரிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, "மயோனேஸ்" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "ஜுவான் து குலாஸ்" என்றார். நாங்கள் கோஃபியில் பிரெஞ்சு படித்தவர்கள். புதிதாக வந்த குடிவரவாளருக்கு அரசாங்கம் மொழி படிப்பித்த இடம் அது. பாண் வாங்க, வாடகை கேட்க, மன்னிப்புக் கேட்க எல்லாம் சொல்லித் தந்தார்கள். குலாஸ் என்றால் என்னவென்று சொல்லித் தரவில்லை. அகராதியில் பார்த்தோம். எஞ்சினின் தலை. ஜுவான் து குலாஸ் என்றால் ஹெட் கஸ்கட்.

ஒரு கராச்சுக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்தவர் மூடியைத் திறந்தார், பார்த்தார், மூடினார். அவ்வளவுதான். கூலன்ற் ஒயிலுக்குள் இறங்குகிறது, ஹெட்டைக் கழற்றவேண்டும், ஆயிரத்து இருநூறு டொலர் ஆகும் என்றார். எண்ணூறு டொலர்க் காருக்கு ஆயிரத்து இருநூறு! அந்த வெள்ளிக்கிழமையே ஊர்க்காரர் ஒருவருக்கு நூற்றைம்பது டொலருக்கு விற்றோம். பொய் சொல்லவில்லை. எஞ்சினில் பிழை இருக்கிறது என்று சொல்லித்தான் விற்றோம். அவர் பரவாயில்லை என்று வாங்கினார். 1997 வரைக்கும் அந்தக் காரை ஓடினார். நாங்கள் பஸ் தரிப்பில் காதுகளைப் பொத்திக்கொண்டு நிற்கும்போது எங்களைக் கண்டால் ஹோர்ண் அடித்துக் கையும் காட்டுவார். மரியாதைக்குத்தான் காட்டினார். எங்களுக்கு வயிறு எரிந்தது.

அந்தக் கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் ஓர் அண்ணை இருந்தார். எங்களைவிட இருபது வயது மூத்தவர். யாழ்ப்பாணத்தில் ஸ்ரான்லி வீதிப் பக்கம் கராச் வைத்திருந்தவர். மொன்றியலில் ஹோட்டலில் கோப்பை கழுவினார். இங்கே கராச்சில் கைவைக்க வேண்டுமென்றால் திறன் அட்டை வேண்டும், அதற்குப் பதிவு, பரீட்சை, மொழி எல்லாம் வேண்டும். ஐம்பது வயதில் அவருக்கு அது எட்டவில்லை. காரை விற்ற பிறகுதான் ஒருநாள் படிக்கட்டில் வைத்து அவருக்குக் கதையைச் சொன்னோம். விற்கமுதல் ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். உண்மையைச் சொன்னால், கோப்பை கழுவுகிறவரிடம் போய்க் கார் காட்ட எங்களுக்குத் தோன்றவே இல்லை. நாங்களும் அதே வேலைதான் செய்துகொண்டிருந்தோம்.

அவர் மூன்று கேள்விகள் கேட்டார்.

"ஒயில் குச்சியை இழுத்துப் பாத்தனியளோ?"

"இல்லை அண்ணை. மூடியிலைதான் பாத்தனாங்கள்."

"கூலன்ற் குறைஞ்சதோ?"

"பாக்கேல்லை."

"உந்தக் காரை ஒருநாளெண்டாலும் அரை மணித்தியாலம் விடாமல் ஓடினனியளோ?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். வில் சென்-லோறோனில் இருந்த பக்ரறிக்குப் பத்து நிமிடம். தமிழ்க் கடைக்கு மூன்று நிமிடம். அரை மணித்தியாலம் ஓடுவதற்கு எங்களுக்கு எங்கே போக இருந்தது?

"அப்ப உது கஸ்கட் இல்லை, மோனை. உது வேர்வை."

பெற்றோல் எரிந்தால் தண்ணீர் உண்டாகும். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர். பெரும்பகுதி ஆவியாகச் சைலன்சர் வழியே போய்விடும். குளிர்காலத்தில் மொன்றியல் தெருவில் ஒவ்வொரு காருக்குப் பின்னாலும் வெள்ளை வால் தொங்குவது அதனால்தான். கொஞ்சம் ஆவி பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி எஞ்சினின் வயிற்றுக்குள்ளும் இறங்கும். எஞ்சின் நன்றாகச் சூடேறினால் அதுவும் ஆவியாகி வெளியேறிவிடும். பத்து நிமிட ஓட்டத்தில் எஞ்சின் முழுதாகச் சூடேறாது. ஆவி போய் எஞ்சினிலேயே மிகக் குளிர்ந்த இடமான மூடியில் படியும், ஒயிலோடு சேர்ந்து களியாகும். துடைத்துவிட்டு நெடுஞ்சாலையில் நாற்பது நிமிடம் ஓடி, பிறகு திறந்து பார்த்தால் களி இராது. எங்கள் காருக்கு வந்தது வருத்தமே இல்லை. அது சூடேற வழியில்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

அன்றைக்கு அண்ணை இன்னொரு கதையும் சொன்னார். அது ஊர்க் கதை. எங்களுக்கும் தெரிந்த காலத்துக் கதை.

1990 ஆனியில் யுத்தம் திரும்பத் தொடங்கியதும் வடக்குக்குப் பெற்றோல் வருவது நின்றது. பற்றரி, சவர்க்காரம், மெழுகுதிரி எல்லாம் தடைப்பட்ட பொருட்களாயின. அப்போது யாழ்ப்பாணத்தில் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சோமசெற், ஏ-போட்டி, மொறிஸ் மைனர் எல்லாம். ஸ்ராட் ஆவதற்கு மட்டும் சிறு போத்தலிலிருந்து சொட்டுச் சொட்டாகப் பெற்றோல் விடுவார்கள். எஞ்சின் பிடித்துக்கொண்டதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். தெருவெல்லாம் வெள்ளைப் புகை. கண் எரியும். பிரசவத்துக்குப் போன கார்களும் அப்படித்தான் போயின.

மண்ணெண்ணெய் பெற்றோல் போல முழுதாக எரியாது. எரியாதது சிலிண்டர்ச் சுவரில் வழிந்து கீழே ஒயிலுக்குள் இறங்கும். கார்க்காரர்கள் காலையில் குச்சியை இழுத்துப் பார்ப்பார்கள். நேற்றையதைவிட ஒயில் மட்டம் ஏறியிருக்கும். ஒயிலே கிடைக்காத காலத்தில், ஒயில் குறையாமல் கூடியிருக்கிறதென்றால் யாருக்குத்தான் சந்தோசம் வராது? அப்படிச் சந்தோசப்பட்டு ஓடியவர்கள் இரண்டு மாதத்தில் பேரிங் தேய்ந்து, எஞ்சின் தட்டத் தட்ட அண்ணையின் கராச்சுக்குக் காரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவர் குச்சியை இழுத்து மணந்து பார்ப்பாராம். மண்ணெண்ணெய் மணக்கும்.

"ஒயில் குறைஞ்சால் பயப்படு. ஒயில் கூடினால் சந்தோசப்படாதை. எஞ்சின் ஒயில் பெறாது. கூடினால் வேறையொண்டு உள்ளுக்கை வந்திட்டுது" என்றார்.

நல்ல வசனம் என்று நாங்கள் சிரித்தோம். அந்த வருடம் முழுக்க அதை வைத்து ஒருவரையொருவர் பகிடி பண்ணினோம். யாராவது சம்பளம் கூடிவிட்டது என்றால், "சந்தோசப்படாதை, வேறையொண்டு வந்திட்டுது" என்போம். கூடிய சம்பளத்துக்கு வரி கூடியபோது வசனம் பலித்தது என்றோம்.

1996இல் இரண்டாவது காரை வாங்கினோம். ஆறு சிலிண்டர், பெரிய கார். ரொறன்ரோ போய்வரலாம் என்ற நம்பிக்கையில் வாங்கியது. இம்முறை நாங்கள் விசயம் தெரிந்தவர்கள். மூடியில் வெள்ளை கண்டால் பயப்படமாட்டோம். ஊரில் இருந்து புதிதாக வந்த பெடியன்கள் மூடியைத் திறந்து பதறியபோது, "உது வேர்வை தம்பி, அரை மணித்தியாலம் ஓடு" என்று நாங்களே வைத்தியம் சொன்னோம்.

பிறகு 1998 தை மாதம் வந்தது. மொன்றியலில் அப்போது இருந்தவர்களுக்கு அந்த மாதத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். 5ஆம் திகதியிலிருந்து 10ஆம் திகதி வரை உறைமழை பெய்தது. மழையாக விழுந்து, பட்ட இடத்தில் கண்ணாடியாக உறையும் மழை. மரங்கள் முறிந்தன. உயர் அழுத்த மின்கம்பிகளைத் தாங்கிய இரும்புக் கோபுரங்கள் பனிக்கட்டியின் பாரத்தில் மடிந்து விழுந்தன. கியூபெக்கில் பத்து இலட்சத்துக்கும் அதிகமான மின் இணைப்புகள் அறுந்தன. எங்கள் கட்டடத்தில் ஐந்து நாட்கள் கரண்ட் இல்லை. இங்கே கரண்ட் இல்லையென்றால் பலருக்குச் சூடும் இல்லை. எல்லோரும் பதறினார்கள். நாங்கள் மெழுகுதிரி வெளிச்சத்தில் பாணும் சம்பலும் சாப்பிட்டோம். இருட்டு எங்களுக்குப் பழக்கம். குளிர்தான் பழக்கமில்லை.

அந்த ஐந்து நாளும் எங்கள் கார் வெளியே வெட்டையில் நின்றபடி ஓடிக்கொண்டிருந்தது. கட்டடத்தில் இருந்த குழந்தைகளையும் ஒரு பிள்ளைத்தாச்சியையும் முறை வைத்து அதற்குள் இருத்திச் சூடு காட்டினோம். ஓடாமல் நின்ற இடத்தில் இரைந்துகொண்டிருக்கும் எஞ்சின் நன்றாகச் சூடேறாது என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே மாசி மாதம் ஒயில் மூடியைத் திறந்தபோது உள்ளே வெள்ளையைக் கண்டும் நாங்கள் கலங்கவில்லை. உறைமழையின் வேர்வை என்றோம். துடைத்துவிட்டு மூடினோம்.

துடைத்த வெள்ளை ஒரு கிழமையில் திரும்பி வந்தது. கூலன்ற் தாங்கியில் மட்டம் இறங்கியது. ஹீற்றர்க் குழாய் எங்கோ சொட்டுகிறது என்று ஊற்றி நிரப்பினோம். இரண்டாம் தரமும் நிரப்பினோம். காரின் கீழே நிலத்தில் ஒரு சொட்டும் இல்லை என்பதை யாரும் யோசிக்கவில்லை. ஒயில் குச்சியை இழுத்துப் பார்த்தவன் மேலே வந்து சொன்னான்: "அருமையான எஞ்சின். ரெண்டு மாதமாய் ஒரு சொட்டு ஒயில் குறையேல்லை. கூடியெல்லோ கிடக்கு."

நாலு பேரும் சந்தோசப்பட்டோம். அண்ணையின் வசனம் ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை. அவர் அப்போதும் கீழ் அறையில்தான் இருந்தார். ஒருமுறை இறங்கிப்போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எங்களுக்குத்தான் தெரியுமே.

பங்குனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு ரொறன்ரோவிலிருந்து ரெலிபோன் வந்தது. எங்களில் ஒருவனுடைய பெரியம்மா மோசம் போய்விட்டார். தாயில்லாத அவனை நாலு வயதிலிருந்து வளர்த்தவர். மகள் ஸ்பொன்சர் பண்ணி இரண்டு வருடங்களுக்கு முன்தான் கனடாவுக்கு வந்திருந்தார். வந்த பிறகு அவன் அவரை ஒரே ஒருமுறைதான் போய்ப் பார்த்திருந்தான். லீவு கிடைக்கவில்லை, பிறகு பாதை சரியில்லை, பிறகு உறைமழை. ஞாயிறு காலை பத்து மணிக்குக் கிரியை. சனி இரவு வேலை முடித்து, பதினொன்றரைக்கு நாலு பேரும் வெளிக்கிட்டோம்.

மொன்றியலிலிருந்து ரொறன்ரோ 540 கிலோமீற்றர். 20ஆம் இலக்க நெடுஞ்சாலை ஒன்ராறியோ எல்லையில் 401 ஆக மாறும். கோண்வோல் தாண்டினோம், புறொக்வில் தாண்டினோம். கிங்ஸ்ரனுக்குக் கொஞ்சம் முன்னால் டாஷ்போட்டில் சிவப்புக் குமிழ் மினுங்கியது. ஒயிலின் அழுத்தத்தைக் காட்டும் குமிழ். ஒயில்தான் மேல்மட்டத்தில் நிற்கிறதே, குமிழில் பிழை என்றான் ஓடிக்கொண்டிருந்தவன். இரண்டு நிமிடத்தில் எஞ்சினின் அடியிலிருந்து ஒரு சத்தம். கதவில் யாரோ கட்டையால் தட்டுவது போல, டொக், டொக், டொக். பிறகு பெரிதாக ஒரு முறை. பிறகு ஒரு சத்தமும் இல்லை. பாதையோரத்தில் பனிக் குவியலோடு போய் நின்றோம். நேரம் இரண்டரை.

இழுவை வண்டி வர நாலரை ஆனது. கிங்ஸ்ரனில் பஸ் பிடித்து, ரொறன்ரோ இறங்கி, ஸ்காபறோவுக்கு ராக்சியில் போய்ச் சேர்ந்தபோது பகல் ஒரு மணி. எல்லாம் முடிந்து வீட்டில் சனங்கள் முழுகிவிட்டு இருந்தார்கள். அவனுக்கு முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. பெரியம்மாவின் மகள் தேத்தண்ணியைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டு, "உனக்காண்டி அரை மணித்தியாலம் பெட்டியை மூடாமல் வைச்சிருந்தவை" என்றார். குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். அவன் தேத்தண்ணியைக் குடித்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில் எட்டு மணித்தியாலமும் ஒருவரும் ஒருவரோடும் பேசவில்லை.

அடுத்த ஞாயிறு அண்ணையும் எங்களோடு கிங்ஸ்ரனுக்கு வந்தார். நம்பர் பிளேற்றையும் டிக்கியில் கிடந்த சாமான்களையும் எடுக்கவேண்டும். கார் இழுத்துப்போன இடத்தில், உடைந்த கார்களுக்கு நடுவில் ஒரு கிழமையாக நின்றது. அண்ணை கேட்டு ஒரு குறடும் தட்டையான ஒரு பழைய தாச்சியும் வாங்கினார். மட்டையை விரித்துப் பனியில் மல்லாக்கப் படுத்துக் காருக்குக் கீழே போனார். எஞ்சினின் அடியில் ஒயில் வடிக்கும் ஆணி இருக்கும். அதைக் கழற்றினார். நாங்கள் குந்தியிருந்து பார்த்தோம்.

முதலில் ஒயில் வரவில்லை. பச்சைத் தண்ணீர் வந்தது. பளிச்சென்ற, தெளிந்த பச்சை. இரண்டு கோப்பை அளவு வந்திருக்கும். அதற்குப் பிறகுதான் கோப்பி நிறத்தில் ஒயில் தடித்து இறங்கியது.

கூலன்ற் ஒயிலைவிடப் பாரமானது. வண்டி ஓடும்போது இரண்டும் அடிபட்டுக் களியாகும். நாட்கணக்கில் அசையாமல் நின்றால் கலக்காமல் எஞ்சிய கூலன்ற் அடியில் தங்கும். தண்ணீராக இருந்தால் அந்தக் குளிரில் கட்டியாகியிருக்கும். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ற் மைனஸ் 37 வரை உறையாது. அதற்காகத்தானே அதை ஊற்றுகிறோம். வெறும் தண்ணீர் உறையும்போது பத்தில் ஒரு பங்குக்குக் கிட்டப் பருத்து இரும்பு எஞ்சினையே வெடிக்க வைத்துவிடும். அதற்குப் பரிகாரமாக வந்த எதிலீன் கிளைக்கோல் என்ற இந்தத் திரவத்தை 1850களில் முதலில் ஆக்கியவர் வூர்ட்ஸ் என்ற பிரெஞ்சு இரசாயனவியலாளர். எஞ்சின்களுக்குள் அது வந்தது 1920களில். இருக்கவேண்டிய இடத்தில் இருந்தால் எஞ்சினைக் காப்பாற்றும். ஒயிலுக்குள் வந்தால் அதே எஞ்சினைக் கொல்லும். ஒயிலின் வழுவழுப்பைக் கெடுத்து, வடிகட்டியைக் களியால் அடைத்து, பேரிங்கை அரிக்கும்.

அண்ணை கையைப் பனியில் தேய்த்துத் துடைத்தார். எழும்பி நின்று காரைப் பார்த்தார். எங்களைப் பார்க்கவில்லை. ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

இனி இதை வாசிப்பவர்களுக்கு, அவர் பிறகு எங்களுக்குச் சொல்லித் தந்ததை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறோம். நோர்வேயில் இருந்தாலும் சுவிசில் இருந்தாலும் குளிரும் காரும் ஒன்றுதான்.

மூடியை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். குச்சியைப் பாருங்கள். மூடியில் மட்டும் வெள்ளை இருந்து குச்சியில் ஒயில் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் வேர்வை. குச்சியிலும் பால் நிறம் தெரிந்தால் அடியிலுள்ள ஒயில் முழுதும் கலந்துவிட்டது என்று அர்த்தம், காரை அதற்குமேல் ஓடக்கூடாது. எஞ்சின் ஆறிய பிறகு கூலன்ற் தாங்கியில் மட்டத்துக்கு ஒரு கோடு கீறுங்கள். ஒரு கிழமை தினமும் காலையில் பாருங்கள். கூலன்ற் குறைந்து, நிலத்தில் சொட்டும் இல்லாமல், ஒயில் மட்டம் ஏறினால் வேறு சாட்சி வேண்டாம். சூடாக இருக்கும்போது றேடியேற்றர் மூடியைத் திறக்காதீர்கள். சைலன்சரில் வெள்ளைப் புகை வருவதை வைத்துக் குளிர்நாட்டில் ஒன்றும் சொல்ல முடியாது, அங்கே எல்லாக் காரும் வெள்ளையாகத்தான் விடும். நன்றாகச் சூடேறிய பின்னும் நிற்காமல் இனிப்பு மணத்தோடு வந்தால் யோசிக்கவேண்டும். பழைய மெக்கானிக்குகள் சிலர் விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். செய்யாதீர்கள். அது இனிக்கும் நஞ்சு. பிள்ளைகளும் நாய்களும் அந்த இனிப்புக்கு ஏமாந்து குடித்துவிடும், சிந்தினால் உடனே கழுவுங்கள்.

கராச்சில் போனால் இரண்டு சோதனைகளைக் கேளுங்கள். ஒன்று, றேடியேற்றர் வாயில் கைப்பம்பைப் பூட்டி மூடியில் எழுதியிருக்கும் அழுத்தத்துக்கு ஏற்றிவிட்டு முள் இறங்குகிறதா என்று பார்ப்பது. வெளியே ஒரு சொட்டும் இல்லாமல் முள் இறங்கினால் கசிவு உள்ளுக்குத்தான். மற்றது, நீல நிறத் திரவத்தினூடாக றேடியேற்றரின் ஆவியை இழுப்பது. எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். ஆனால் மஞ்சளாகவில்லை என்பதால் தப்பிவிட்டோம் என்றும் இல்லை. சிலிண்டரைத் தொடாமல் நேரே ஒயிலுக்குள் கசியும் வழிகளும் உண்டு. எங்கள் காரில் கசிந்தது ஹெட் கஸ்கட்டால் அல்ல, காற்று உள்ளே போகும் மனிபோல்ட்டின் கஸ்கட்டால் என்று பிறகு அண்ணை சொன்னார். ஆறு சிலிண்டர் எஞ்சின்கள் பலவற்றில் அந்தக் கஸ்கட் விட்டால் கூலன்ற் நேரே கீழே ஒயிலுக்குள்தான் வடியும். இன்று சிறு குப்பியில் ஒயிலை எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் அதில் கிளைக்கோலும், கூலன்றோடு வருகிற சோடியமும் பொட்டாசியமும் இருக்கிறதா என்று எழுதித் தருவார்கள்.

இது எங்களுக்கு மட்டும் வந்த வினையும் அல்ல. 1990களின் நடுப்பகுதியிலிருந்து ஜெனரல் மோட்டோர்ஸ் தன் கார்களில் ஊற்றிய 'டெக்ஸ்கூல்' என்ற செம்மஞ்சள் நிறக் கூலன்றைப் பற்றியும், அந்த எஞ்சின்களின் மனிபோல்ட் கஸ்கட்டுகளைப் பற்றியும் அமெரிக்காவிலும் கனடாவிலும் கார்க்காரர்கள் கூட்டாக வழக்குப் போட்டார்கள். அமெரிக்க வழக்கு 2008இல் இணக்கமாக முடிந்தது. எங்கள் கார் அந்தக் கொம்பனியினது அல்ல, எங்களுக்கு வழக்கும் இல்லை. எங்கள் காரில் கஸ்கட் விட்டது ஒரு பிழை. இரண்டு மாதம் அது எங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்ததைக் கேளாதது அடுத்த பிழை. முதல் பிழைக்குப் பொறுப்பு யாரென்று தெரியாது. அடுத்ததற்கு நாங்கள்தான்.

யோசித்துப் பார்த்தால் இரண்டு முறையும் நாங்கள் விட்டது ஒரே பிழைதான். முதல் முறை எங்களுக்கு ஒன்றும் தெரியாது, வெள்ளையைக் கண்டு பயந்தோம். இரண்டாம் முறை எங்களுக்கு ஒன்று தெரிந்திருந்தது, அதே வெள்ளையைக் கண்டு பயப்படாமல் இருந்தோம். இரண்டு முறையும் குச்சியை இழுத்து, காரிடம் கேட்கவில்லை. முதல் முறை கராச்காரர் சொன்னதைக் கேட்டோம். இரண்டாம் முறை நாலு வருடத்துக்கு முந்திய எங்கள் அனுபவம் சொன்னதைக் கேட்டோம்.

அண்ணை 2009இல் காலமானார். அந்த வருடம் எங்கள் ஆட்களின் வீடுகளில் செத்த வீடுகளுக்குக் குறைவில்லை. அவருடையது அமைதியான சாவு. நாலு பேரும் முதல் நாளே போய்ச் சேர்ந்தோம். பெரியம்மாவின் முகம் பார்க்கக் கிடைக்காதவன் அண்ணையின் தலைமாட்டில் இரவு முழுக்க இருந்தான்.

இப்போது எங்களில் இரண்டு பேர் ரொறன்ரோ பக்கம், இரண்டு பேர் மொன்றியலில். ஒருவன் மின்சாரக் கார் வாங்கிவிட்டான். பற்றரியைக் குளிர்விக்க அதற்குள்ளும் கூலன்ற் ஓடுகிறது, ஆனால் அது போய்க் கலப்பதற்கு எஞ்சின் ஒயில் இல்லை. அவனுக்குப் பார்க்க ஒன்றும் இல்லாதபடியால் எங்கள் வீடுகளுக்கு வந்தால் எங்கள் கார்களைத் திறந்து பார்க்கிறான்.

ரெலிபோனில் கதைக்கும்போது, எப்படி இருக்கிறாய் என்றால் எல்லோரும் நல்லா இருக்கிறோம் என்றுதான் சொல்கிறோம். எங்கள் சனத்துக்கு அது பழக்கம். ஊருக்கு எடுக்கும்போதும் அப்படித்தான் சொன்னோம், அங்கிருந்தும் அப்படித்தான் சொன்னார்கள். ஆகவே நாங்கள் நாலு பேரும் அதோடு விடுவதில்லை. கதை முடிந்து வைக்கமுதல் யாராவது ஒருவன் கேட்பான்:

"எல்லாம் சரி. குச்சியை இழுத்துப் பாத்தனியோ?"

அப்போது மற்றப் பக்கத்தில் கொஞ்சநேரம் சத்தம் இராது. பிறகு உண்மையான கதை தொடங்கும்.